குறுக்கே வெட்டிய தகடு

காலையிலேயே வந்துவிடுவோம் என்று சொன்னவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்தும் வரவில்லை, வராமலே போனால்கூட நல்லதுதான், ஆனால் வருவார்கள், வர வேண்டாம் என்று நாம் நினைக்கிற ஆட்கள் வராமல் போனதாகச் சரித்திரமே இல்லை. ரோலிங் மிஷினுக்குப் பக்கத்தில் எனக்கென்று போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். வலது முழங்காலுக்குக் கீழே புதுக் கால். தொடையோடு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு. அந்தத் தகட்டை உருட்டியவன் நான். வெட்டியவனும் நான். இப்போது அதன் மேல் நிற்கப்போகிறவனும் நான், ஊரில் இப்படி ஒரு பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும். மக்னீசியத் தகடு, அலுமினியத்தைவிட லேசு, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது, அதுதான் அதன் பெருமை, அதற்காகத்தான் அறக்கட்டளைக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பிடித்துப்போனால் ஜில்லா முழுக்கக் காலில்லாதவர்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகும். இதன் ஜோடித் தகடு ஆபீஸ் அறையில், என்னை மாதிரியே கால் போன தெய்வானையின் காலில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு பாதம். ஒன்று நெடுக்காக வெட்டியது, ஒன்று குறுக்காக வெட்டியது. எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கால் மாட்டிவிட்டவருக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. இந்தக் கூடத்துக்குப் பொறுப்பான சபாபதி சாருக்கு இரண்டும் நெடுக்கு என்று தெரியும், ஏனென்றால் காலையில் நான்தான் அப்படிச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி புதுப் பாதத்தைத் தரையில் மெல்ல அழுத்திப் பார்க்கிறேன். கொஞ்சம் வளைகிறது, விட்டதும் திரும்புகிறது. நல்லதும் இப்படித்தான் வளையும், கெட்டதும் இப்படித்தான் வளையும்.

இரும்பாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரும்பை எந்தப் பக்கம் வெட்டினாலும் அது கொஞ்சம் முனகிக்கொண்டாவது சுமக்கும். மக்னீசியத்துக்குப் பிடிவாதம் அதிகம். பச்சையாக உருளைக்குள் விட்டால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விரிசல் விட்டு வெளியே வரும். அடுப்பில் போட்டுச் சூடாக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் உருளைக்குள் விட வேண்டும், வெளியே வந்ததும் மறுபடி அடுப்பு, மறுபடி உருளை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் அமுக்கலாம், ஆசைப்பட்டு ஒரே அமுக்காக அமுக்கினால் போயிற்று. உருளை ஜில்லென்று இருந்தாலும் போயிற்று, தகட்டின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் கை பழகப் பழகத் தெரிந்தது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர் சபாபதி சார்தான். ஒரு நாள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, பாருங்க செங்கோடன், இது உருட்டறதுக்கு முன்னாடி, இது அப்புறம் என்றார். முன்னால் பெரிய பெரிய கட்டங்களாக, வெடித்த ஏரி மண் மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாம் பொடிப்பொடியாக, குருணை மாதிரி, நெருக்கமாக. அந்தக் கட்டங்களைத்தான் சார் மணி என்பார், பெரிய மணியெல்லாம் அமுக்கலிலும் சூட்டிலும் உடைந்து புதுச் சின்ன மணியாகப் பிறக்கிறதாம், மணி சின்னதாக ஆக ஆக பலம் கூடுமாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏதோ என் கையாலேயே பிறக்க வைத்த மாதிரி. சார் அதோடு விட்டிருக்கலாம். இதுல ஒரு சிக்கல் இருக்குங்க, மணியெல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக்குது, திரும்பத் திரும்ப ஒரே திசையில அமுக்கறமில்ல, அதான் என்றார். இது மைக்ராஸ்கோப்பில் தெரியாதாம், எக்ஸ்ரே வேண்டுமாம், அந்த மிஷின் நம்மிடம் இல்லை. உருட்டிய வாக்கில் நீளமாக வெட்டிய தகடு விட்டுக்கொடுத்து வளையும். குறுக்கே வெட்டியது விறைப்பாக நிற்கும், கையில் பிடித்தால் இதுதான் கெட்டி என்றுகூடத் தோன்றும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். சொல்லாமல் கொள்ளாமல் என்று சார் சொன்னபோது நான் என் காலைத்தான் பார்த்தேன். அப்போது இரண்டும் இருந்தது.

கால் போனதும் அப்படித்தான். அடுப்பிலிருந்து தகட்டை இழுக்கும்போது ஓரத்துச் சில்லு ஒன்று பற்றிக்கொண்டது, மக்னீசியம் பற்றினால் வெள்ளை வெளிச்சம், கண்ணால் பார்க்க முடியாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான் கொட்ட வேண்டும். நானும் மணல் வாளியை எடுத்துக் கொட்டி, எல்லாம் அணைந்து, அப்பாடா என்று உட்கார்ந்து டீ குடித்தேன். டீயை முழுசாகக் குடித்தேன். எங்கிருந்தோ தோல் கருகுகிற வாடை வருகிறதே என்று நாலு பக்கமும் முகர்ந்து பார்த்தேன், பக்கத்தில் நின்றவன் காலைக்கூடப் பார்த்தேன். சில்லு என் ஷூவுக்குள் இருந்தது. சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனது எனக்கே தெரியாது, நடக்கிறோம், நிற்கிறோம், நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. புண் ஆறவில்லை, விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு கெண்டைக்காலை, என் வீட்டுக்காரி ராசாமணி ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, இத்தோட முடிஞ்சுதுங்க என்று சொல்வாள். திரும்பி வேலைக்கு வந்தபோது என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கலாம், சார்தான் ஸ்டூல் போட்டார். உருளைக்குத் தகடு விடுகிற வேலையும் வெட்டுகிற வேலையும் உட்கார்ந்தே செய்யலாம் என்று மேலே பேசி வாங்கிக் கொடுத்தார். அன்றையிலிருந்து அவர் எதைக் கேட்டாலும் ஆமாங்க சார் என்றுதான் வாயில் வருகிறது. சாப்பிட்டாச்சா, ஆமாங்க சார். வலி இல்லியே, ஆமாங்க சார். வலி இல்லை என்பதற்கும் ஆமாங்க, இருக்கிறது என்பதற்கும் ஆமாங்க. காலைப் பிடுங்கிக்கொண்டு இந்த ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறான் கடவுள்.

இன்று காலையிலும் அதுதான் வந்தது. ஆபீஸ் வாசலில் வைத்து, ரெண்டும் நெடுக்குதானுங்க செங்கோடன் என்றார், கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, நடந்துகொண்டே சொன்னார், ஆமாங்க சார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நடந்தது இவ்வளவுதான். உருட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, வந்த பிறகு உருளை சூடேறுவதற்குள் அவசரப்படுத்தித் தகட்டை விடச் சொன்னார்கள், தகட்டின் ஓரம் விரிசல் விட்டது. விரிசலை வெட்டி எறிந்தால் மீதி சின்னதாகிவிட்டது, இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்ட இடமில்லை. ஒன்றை நெடுக்காக வைத்து, மிச்சத்தில் இன்னொன்றைக் குறுக்கே திருப்பி வைத்தால் சரியாக உட்கார்ந்தது, பீஸ் துணியில் சட்டை தைக்கிற டெய்லர் கையை வேறு வாக்கில் வெட்டுவதில்லையா, அந்த மாதிரி. தெரிந்துதான் வெட்டினேன். ஒன்று காலுக்கு, இன்னொன்று சும்மா ஷோ காட்டுவதற்கு, அடுத்த அடுப்பில், மறுபடி சூடேற்றும்போது, சரியாக ஒன்று உருட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வெட்டினேன். குறுக்கே வெட்டியதில் சாக்பீஸால் பெரிதாக ஒரு கோடு போட்டேன். இரும்பாக இருந்தால் ஆணியை வைத்து ஒரு புள்ளி அடித்திருப்பேன், ஆயுசுக்கும் அழியாது, ஆனால் மக்னீசியத்தில் புள்ளி அடிக்கக் கூடாது, அந்தப் புள்ளியிலிருந்துதான் விரிசல் கிளம்பும், இங்கே யாரும் அடிக்க மாட்டோம், சாக்பீஸ்தான் எங்கள் வழக்கம். மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தால் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இரண்டையும் பாலீஷ் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி. சாக்பீஸ் கோடும் இல்லை, உருளை உரசின வரியும் இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தட்டிச் சத்தம் கேட்டேன், யாரும் பார்க்காதபோது நாக்கால்கூட நக்கிப் பார்த்தேன், புத்தி அந்த அளவுக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே குரலில் பேசின. அடுத்த அடுப்பு என்று ஒன்று வரவேயில்லை, அதற்குள் கால் மாட்டுகிறவர் டவுனிலிருந்து வந்து மேலே இருந்த தகட்டை எடுத்து எனக்குப் பூட்டினார், கீழே இருந்ததைக் கையோடு ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோனார்.

ஏனுங்கண்ணா, உங்களுக்குச் செட்டாயிருச்சுங்களா என்று கேட்டுக்கொண்டு தெய்வானை வருகிறாள். கைத்தடி இல்லாமல் வருகிறாள், சுவரைத்தான் பிடித்திருக்கிறாள். பஸ் ஏறிக் காலை நசுக்கினதாம், முழங்காலுக்குக் கீழே இல்லை, இதுவரை போட்டிருந்த மரக்கட்டைக் கால் இடுப்பை முறிக்கிற கனம், இதுங்களா, போட்ட மாதிரியே இல்லீங்கண்ணா, செருப்பாட்டம் இருக்குது என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் பாதத்தைப் பார்க்கிறேன். பளபளக்கிறது. என்னுடையதும் பளபளக்கிறது. நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போறனுங்க என்கிறாள். அவள் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறாள், இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சாம்பார் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிப் பந்திக்குத் தூக்கிப்போவது அவள் வேலைதானாம், கால் போன பிறகு அதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு இவளைக் காய் நறுக்க உட்கார வைத்துவிட்டார்களாம், உக்காந்துட்டு இருக்கறவளுக்கு எதுக்குச் சம்பளம்னு பேசறாங்கண்ணா, நாளைக்கு நானே தூக்கறேன் பாருங்க. தூக்குவாள். நாளைக்கும் தூக்குவாள், அடுத்த வாரமும் தூக்குவாள், ஒன்றும் ஆகாது. குறுக்கே வெட்டியது ஒரே நாளில் போகாது, நடக்க நடக்க உள்ளுக்குள் எங்கேயோ மயிரிழை மாதிரி ஒரு கீறல் பிறக்கும், அது வளர்வது வெளியே தெரியாது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது போகும். அவள் கொதிக்கிற குண்டானோடு இருப்பாள். நான் அப்போது இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு யாராவது வந்து சொல்வார்கள், பாவம் கால் தடுக்கிக் கொட்டிக்கிட்டாளாம் என்று. நீங்க உருட்டுனதுன்னு சார் சொன்னாருங்க, அதான் எனக்குப் பயமே இல்லை என்கிறாள் தெய்வானை. நான் ஆமாங்க என்கிறேன். அவளுக்கும் அதே சொல்தான். கால் மாட்டுகிறவர் கூப்பிடுகிறார், பட்டை சரியாக இறுக்க வேண்டுமாம், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

சொல்லிவிடலாம். இதோ சார் போகிறார், சார் என்றேன், கையைக் காட்டி அப்புறம் அப்புறம் என்று வாசல் கேட்டுக்கு ஓடுகிறார், வந்துவிட்டார்கள். சொல்லியிருந்தாலும் என்ன சொல்வேன், காலையில் சொன்னது பொய்ங்க சார் என்றா. ஏன் சொன்னீங்க என்பார். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாதே. கோபப்படுகிற ஆளாக இருந்தாலாவது சொல்லிவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளலாம், இவர் கோபப்பட மாட்டார், ஸ்டூலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தப்பு நம்மதுதான் என்பார். சொல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டில் ஒன்றைக் குழாயில் வைத்து வளைக்க வேண்டும். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் எப்போதும் ஒரு பருமனான குழாய்த் துண்டு பூட்டியிருக்கும், வெட்டிய துண்டை அதன் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டி வளைத்தால் நெடுக்கு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், குறுக்கு பாதியிலேயே பிளந்துவிடும், நாங்கள் தினமும் செய்கிற சோதனை. ஒன்றைச் சோதித்தால் போதும், இன்னொன்றின் ஜாதகம் தானாகத் தெரிந்துவிடும். ஆனால் சோதித்தது மறுபடி காலுக்கு உதவாது. முதலில் என் மனசு எங்கே போனது தெரியுமா, அவளுடையதை வாங்கி உடைத்துப் பார்க்கலாம் என்றுதான் போனது. அது பிளந்தால் நல்லது என்னிடம் இருக்கும். அது வளைந்தால்கூட என் காலில் இருப்பது கெட்டது என்று தெரிந்துகொண்டு பார்த்துப் பார்த்து நடப்பேன், உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே எனக்கு. எவ்வளவு நியாயமாக யோசிக்கிறது பார் இந்த மனசு. காலை இழந்தவன் இன்னொருத்தியின் காலைக் கேட்கிறான். என்னுடையதை உடைத்தால்? என்னுடையது பிளந்தால் அவளுடையது நெடுக்கு, அவள் குண்டானைத் தூக்கட்டும், நான் ஊன்றுகட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். என்னுடையது வளைந்தால். வளைந்தால் என்பதோடு யோசனை நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது. பிளக்கட்டும். முருகா, என்னுடையது பிளக்கட்டும். தன் கால் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒருத்தனை இதுவரை அவன் பார்த்திருக்க மாட்டான்.

எழுந்திரிங்க செங்கோடன், நடந்து காட்டுங்க என்கிறார் சார். வெள்ளைச் சட்டைக்காரர்கள், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எழுகிறேன். மிஷினுக்கும் மணல் வாளிகளுக்கும் நடுவே பெயிண்ட் அடித்த பாதை, தினமும் போகிற வழி, இன்றைக்கு ஆற்றைத் தாண்டுகிற மாதிரி இருக்கிறது. இடது காலை வைக்கிறேன், அதற்குத் தரை தெரிகிறதா இல்லையா என்பதே சந்தேகம், வலதில் அறவே ஒன்றும் தெரியாது, தெரியாத ஒன்றையும் இல்லாத ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்து நடக்கிறேன். தகடு வளைகிறது, திரும்புகிறது, வளைகிறது, திரும்புகிறது. உள்ளே பொடிப்பொடியாக மணிகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன, என் கனத்தை எந்தப் பக்கம் வாங்குகின்றன என்று ஒன்றாவது எழுந்து சொல்லக் கூடாதா. எவ்ளோ இயல்பா நடக்கறார் பாருங்க என்கிறார் அந்த அம்மா. பயத்தில் கனம் முழுவதையும் இடது பக்கமே போட்டு நடக்கிறேன் என்பது பாதி வழியில்தான் தெரிகிறது, இந்த நடையால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அவர்கள் பார்த்துவிட்டார்கள், தலையாட்டுகிறார்கள். இதே மாதிரி ஒரு அம்மாவுக்கும் போட்டிருக்கோம், வருவாங்க என்று சார் ஆபீஸ் பக்கம் கையைக் காட்டுகிறார். பாதை முடிகிற இடத்தில் வைஸ் இருக்கிறது. அதன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஸ்பேனர் இருந்தது, காலையிலிருந்தே இருந்தது, எதற்கு எடுத்து வைத்தேன் என்று இத்தனை நேரம் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பேனரை மறுபடி பையில் போட்டேன். என்ன பண்றீங்க செங்கோடன் என்றார் சார், குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. தகடு கையோடு வந்தது, லேசாக. அய்யோ எவ்ளோ லேசு என்று யாரோ சொன்னார்கள். பெஞ்சைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து, தகட்டைக் குழாயின் மேல் வைத்து, மரச்சுத்தியை எடுத்தேன். ஸ்ட்ரெங்த் காட்டறார்னு நெனைக்கறேன் என்றார் ஒரு வெள்ளைச் சட்டை. அந்த அம்மா போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். சார் சிரிப்பதை நிறுத்திவிட்டார். குழாய்ச் சோதனையை விருந்தாளிக்குக் காட்ட மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

தட்டினேன். பிளந்துவிடு. தட்டினேன். பாதி வளைவு வந்தது, குறுக்காக இருந்தால் இந்நேரம் வாய் பிளந்திருக்க வேண்டும், குனிந்து வளைவின் முதுகைப் பார்க்கிறேன், ஒரு கீறலாவது, மயிரிழை மாதிரி ஒன்றாவது, என் முகம்தான் அதில் கோணலாகத் தெரிகிறது. மறுபடி தட்டினேன், பலமாக, எத்தனையோ வருஷமாக இப்படி வளைய வேண்டும் என்று ஏங்கி ஏங்கி உருட்டியவன், இன்றைக்குப் போய் உடைந்து தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறேன். தகடு குழாயைச் சுற்றி அழகாக, குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி கட்டிக்கொண்டது. நெடுக்கு. என் வாழ்க்கையில் நான் உருட்டியதிலேயே நல்ல தகடு. கைதட்டினார்கள். அந்த அம்மா தட்டினார், வெள்ளைச் சட்டைகள் தட்டின, கூடத்து ஆட்களும் விஷயம் தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள். சார் மட்டும் தட்டவில்லை, குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி ஆபீஸ் கதவைப் பார்த்தார். கதவு திறந்து தெய்வானை வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்ததால் அவளும் தட்டிக்கொண்டே வந்தாள், எனக்காக. நில்லு என்று கத்தினேன், கைதட்டலில் எனக்கே கேட்கவில்லை. ஒரு காலால் தத்தினேன், பெஞ்சு முடிந்தது, பிடிக்க ஒன்றுமில்லை, விழுந்தேன். போன் கீழே இறங்கியது, யாரோ தூக்க வந்தார்கள், கையைத் தட்டிவிட்டு மண்டி போட்டே பாதையில் போனேன். பெயிண்ட் அடித்த அதே பாதை. அவள் பயந்து நின்றுவிட்டாள். அவள் முன்னால் போய் அந்தப் பளபளக்கிற பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு தெய்வானை. இப்படியே உக்காரு. காலைக் கழட்டோணும்."

"எதுக்குங்கண்ணா?" அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கும் கண்ணு," என்றேன். "நல்லாத்தான் இருக்கும்."

கைதட்டல் எப்போதோ நின்றிருந்தது. "செங்கோடன், காலையில ரெண்டும் நெடுக்குன்னு சொன்னீங்களே" என்றார் சார், என் தலைக்கு மேலே எங்கிருந்தோ. இல்லீங்க சார் என்றேன், கால் போன பிறகு அவரிடம் முதல் தடவையாக. என் பையில் இருந்த ஸ்பேனரை எடுத்து அவள் போல்ட்டில் வைத்தேன். திருகும்போதெல்லாம் அவள் தன் பாதத்தை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தாள்.